ப்ராக் ராக்கும் பங்க்கும் ஒரே பாட்டில் ஒத்துப்போகுமா?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். கிட்டார் வாசிப்பவர் ப்ராக் ராக்கில் ஊறியவர்; நீளமான, தாளமும் பகுதிகளும் மாறிக்கொண்டே போகும் ராக் அது. டிரம்மருக்குப் பங்க் (குட்டியான, வேகமான, முரட்டு ராக்) தவிர வேறு எதுவும் காதில் ஏறாது. ஒவ்வொரு பாட்டுக்கும் சண்டை. "ஒன்றை எதிர்த்துப் பிறந்ததுதான் மற்றொன்று, இரண்டையும் கலக்கவே முடியாது என்கிறார்கள். உண்மையா? யாராவது கலந்திருக்கிறார்களா?" என்பது கேள்வி. இதில் பாதி வரலாறு. மீதிப் பாதியை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்: அந்த இருவரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டை எப்படி எழுதி முடிப்பது? இருபது வருடத்துக்கு மேலாகப் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இந்தச் சண்டை நடந்த அறைகளில் நிறைய நேரம் இருந்திருக்கிறேன். அதனால் வரலாற்றைச் சொல்லிவிட்டு, அந்த அறைக்கு வருகிறேன்.

எதிரிகள் என்ற பேச்சு ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது எளிது. ப்ராக் பக்கம், 1969-ல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 1972-ல் யெஸ் குழு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தது. மறு ஆண்டே இரண்டு தட்டு, நான்கு பக்கம், மொத்தம் நான்கே பாட்டு என்று இன்னொரு ஆல்பம் போட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 1976-ல், நியூயார்க்கின் பங்க் குழுவான ரமோன்ஸ் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பதினான்கு பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட இல்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிற யாருக்கும் இது சண்டை என்றுதான் தோன்றும். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் பாடகர் ஜானி ராட்டன், ப்ராக் பக்கத்துப் பெரிய குழுவான பிங்க் ஃபிளாய்டின் பனியனில் அந்தப் பெயருக்கு மேலே "நான் வெறுக்கிறேன்" என்று எழுதிப் போட்டுக்கொண்டு திரிந்ததும் உண்மை.

ஆனால் அதே ஜானி ராட்டன் 1977 ஜூலையில் லண்டனின் கேப்பிட்டல் ரேடியோவில் தனக்குப் பிடித்த இசைத்தட்டுகளைப் போட்டபோது, அதில் பீட்டர் ஹாமில் பாடிய பாட்டுகள் இருந்தன. ஹாமில் யார்? வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற தீவிரமான ப்ராக் குழுவின் பாடகர். அவர் 1975-லேயே, இங்கிலாந்தில் பங்க் என்று ஒரு அலை கிளம்புவதற்கு முன்பே, கரடுமுரடான குட்டிப் பாட்டுகளோடு ஒரு தனி ஆல்பம் போட்டிருந்தார். ராட்டன் எடுத்துப் போட்டது அந்த ஆல்பத்திலிருந்துதான். இங்கிலாந்தின் முதல் பங்க் சிங்கிளை 1976 அக்டோபரில் வெளியிட்ட தி டேம்ட் குழுவைப் பாருங்கள். அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் பிங்க் ஃபிளாய்டின் டிரம்மர் நிக் மேசன். பதிவானதும் பிங்க் ஃபிளாய்டின் ஸ்டுடியோவிலேயே. கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃபிரிப் நியூயார்க்குக்குக் குடிபோய், 1978-ல் அந்த ஊர்ப் பங்க் வட்டத்திலிருந்து வந்த பிளாண்டி குழுவின் ஆல்பத்தில் கிட்டார் வாசித்தார். சட்டையில் எழுதியது ஒன்று, வீட்டில் கேட்டது ஒன்று.

இங்கே உறுதியானதையும் என் ஊகத்தையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஆண்டுகளும் ஆட்களும் உறுதி. "பங்க் வந்து ப்ராக்கைக் கொன்றது" என்ற கதையை நான் நம்புவதில்லை, ஆனால் அது என் கருத்து. என் காரணம் எளியது. கிங் கிரிம்சனை ஃபிரிப் கலைத்தது 1974-ல், அப்போது கொல்வதற்குப் பங்க்கே இல்லை. பிங்க் ஃபிளாய்ட் தங்கள் மிகப் பெரிய இரட்டை ஆல்பங்களில் ஒன்றை 1979-ல், பங்க் ஊரெல்லாம் பரவிய பிறகு போட்டார்கள். பத்திரிகைகளுக்குச் சண்டை தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். கலைஞர்கள் பலர் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள்.

போய்வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பாதை வாஷிங்டனில் இருக்கிறது. பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழு, ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான பிரிவைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள். 1980-ல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிள் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவர்கள் பங்க்குக்கு வந்தது ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஜாஸ் ஃபியூஷனிலிருந்து. மைண்ட் பவர் என்ற பெயரில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ரிட்டர்ன் டு ஃபாரெவர் என்ற ஃபியூஷன் குழுக்களின் வழியில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அந்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை 1971-ல் தொடங்கிய ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். பிறகு எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் உசேன் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தார். கர்நாடக இசைக் கணக்கு அப்படியே பேட் பிரெய்ன்ஸ் வரை போனது என்று நான் சொல்ல மாட்டேன், அது அதிகப்படியான உரிமை கொண்டாடல். ஆனால் அவர்களுடைய பாட்டில் வேகம் சட்டென்று பாதியாகி மறுபடி இரட்டிப்பாகும் இடங்களைக் கேளுங்கள். நான்கு பேரும் ஒரே மூச்சில் திரும்புவார்கள். அந்தத் திருப்பத்துக்குப் பின்னால் ஃபியூஷன் வாசித்துப் பழகிய கை இருக்கிறது. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் போதும் என்று வந்தவர்கள் வாசித்ததல்ல அது.

சரி, உண்மையிலேயே கலந்தது யார்? தி டேம்ட்டின் நிக் மேசன் ஆல்பத்தை நான் கலவையில் சேர்க்க மாட்டேன். ஒரு ப்ராக் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்ததோடு சரி, பாட்டுகள் எழுதப்பட்ட விதம் மாறவில்லை. அதே குழு 1980-ல் பதினேழு நிமிடப் பாட்டு ஒன்றைப் போட்டது. அது நீளமான பாட்டு, எனக்குப் பிடித்த பாட்டும்கூட, ஆனால் நீளமாக்கிவிட்டால் ப்ராக் ஆகிவிடாது. உங்கள் கிட்டார்காரரிடம் முதலில் இதைப் பேசிவிடுங்கள். ப்ராக்கின் உயிர் நிமிடக் கணக்கில் இல்லை. ஆரம்பத்தில் கேட்ட ஒன்று வேறு உருவத்தில் திரும்பி வரும்போது, கேட்பவர் "அட, இது அதுதானே" என்று கண்டுகொள்கிறாரே, அங்கே இருக்கிறது. அதேபோல, பங்க்கின் உயிர் வேகமோ எளிமையோ என்று உங்கள் டிரம்மர் சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காத்திருக்க மறுப்பதுதான் பங்க். பாட்டில் வெறுமனே அடுத்த பகுதிக்காகக் காத்திருக்கிற ஒரு வினாடிகூட இருக்கக் கூடாது. இப்படி வைத்துப் பார்த்தால் இரண்டும் மோதவே தேவையில்லை. நினைவில் நிற்பது ஒன்றின் வேலை, தாமதிக்காமல் போவது மற்றொன்றின் வேலை.

இதைச் சாதித்தவர்களில் எனக்கு முதலிடம் கார்டியாக்ஸ் குழுவுக்குத்தான். லண்டனுக்குத் தென்மேற்கே கிங்ஸ்டன் பகுதியில் 1977-ல் டிம் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஜிம்மும் தொடங்கியது. ப்ராக், பங்க் இரண்டு சொல்லையும் ஒட்டி "ப்ராங்க்" என்று பத்திரிகைகள் இவர்களுக்குப் பெயர் வைத்தன. டிம் ஸ்மித்துக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 1984-ல் மரில்லியன் குழுவுக்கு முன்னால் வாசிக்க இவர்களைச் சுற்றுப்பயணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ப்ராக் கேட்க வந்த ரசிகர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் மேடை மேல் எறிந்தார்கள். பங்க் ஆட்களுக்கோ இவர்களுடைய கீபோர்டும் சாக்ஸபோனும் தாள மாற்றமும் ஒத்துவரவில்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்தப்பட்ட நிலையில், சொந்தமாகவே ஒரு நிறுவனம் வைத்து ஆல்பங்களை வெளியிட்டார்கள். 1988-ல் ஒரு சிங்கிள் பிரிட்டன் தரவரிசையில் 80-ஆம் இடம் வரை எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான்.

1996-ல் வந்த அவர்களுடைய இரட்டை ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். "டர்ட்டி பாய்" என்ற பாட்டு ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கார்டுகள் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு படி ஏறியதும் இங்கே இறங்கும் என்று நம் காது எதிர்பார்க்கும், டிம் ஸ்மித் இன்னொரு படி ஏற்றுவார். ஒவ்வொரு கார்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் முதல் மாதத்தில் எந்தப் பையனும் கற்றுக்கொள்ளும் சாதாரண மேஜர் கார்டு போலத்தான் என் காதுக்குக் கேட்கிறது. எதற்குப் பின்னால் எது என்பதில்தான் எல்லா விஷயமும். நான் அதை வாசித்துப் பழக உட்கார்ந்தபோது கைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நினைவில் வைக்கத்தான் மூன்று வாரம் ஆனது. கைக்குப் பங்க், மூளைக்கு ப்ராக். இந்தக் கலவைக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. டிம் ஸ்மித்துக்கு 2008-ல் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து உடல் முடங்கியது. 2018-ல் ஸ்காட்லாந்தின் ராயல் கன்சர்வேட்டரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2020 ஜூலையில், 59 வயதில், காலமானார். இவர்களை மேடையில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை, நான் சொல்வதெல்லாம் ஒலிப்பதிவையும் வீடியோவையும் வைத்துத்தான்.

அப்புறம் கனடாவின் நோமீன்ஸ்நோ. ராப் ரைட், ஜான் ரைட் என்ற சகோதரர்கள் 1979-ல் பெற்றோர் வீட்டின் நிலவறையில் தொடங்கியது. மேடையேறிய ஆரம்ப காலத்தில் கிட்டாரே கிடையாது, பேஸும் டிரம்ஸும் மட்டும். 1989-ல் வந்த "ராங்" ஆல்பத்தைக் கேட்டால், பேஸ்தான் வண்டியை ஓட்டுகிறது என்பது புரியும். டெக்சஸின் எல் பாசோவிலிருந்து வந்த மார்ஸ் வோல்டா உங்கள் கிட்டார்காரருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அட் த டிரைவ்-இன் என்ற பங்க் வழிவந்த குழு 2001-ல் உடைந்தபோது, அதிலிருந்து பிரிந்த இருவர் ஆரம்பித்தது. 2003-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பழைய குழுவின் அவசரம் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதனால் அந்தச் சிக்கலான தாளங்களும் ஓடுகின்றன. 2005-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஒரு பாட்டு 32 நிமிடம். அதில் பிரமாதமான இடங்கள் உண்டு, ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வெறும் ஓசை நீளும்போது எனக்குப் பங்க் கையைவிட்டுப் போய்விடுகிறது. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் நிறைய. இன்னும் எளிய உதாரணம் வேண்டுமென்றால் 2004-ல் கிரீன் டே போட்ட ஒன்பது நிமிடப் பாட்டு, ஐந்து பகுதி. அதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

இனி அந்த அறைக்கு வருவோம். முதல் பிரச்சினை தாளம். ப்ராக் ஆள் ஏழு கொண்டுவருவார், பங்க் ஆள் நான்கை விடமாட்டார். ஒற்றைப்படைத் தாளம் என்றாலே கணக்குப் பாடம் என்று நினைக்காதீர்கள். 1977-ன் பங்க் அலையோடு வந்த தி ஸ்டிராங்ளர்ஸ் குழுவின் "கோல்டன் பிரவுன்" 1982-ல் பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. அதன் தொடக்கத்தில் வரும் ஹார்ப்சிகார்ட் பகுதி பதின்மூன்று. மூன்று, மூன்று, மூன்று, நான்கு. கடையில் வேலை செய்தவர்கள், பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் அதை முணுமுணுத்தார்கள், யாரும் எண்ணவில்லை. அது கலவைக்கு உதாரணம் என்று சொல்ல வரவில்லை, தாளத்துக்குத்தான். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தகிட தகிட தகிட தகதிமி என்று இரண்டு தடவை வாயால் சொன்னால் உள்ளே போய்விடும். ஏழுக்குத் தகிட தகதிமி. உங்கள் நால்வரில் யாராவது மிருதங்க வகுப்புக்கு இரண்டு வருடம் போயிருந்தால்கூடப் போதும், அவரைச் சொல்லச் சொல்லி மற்றவர்கள் கைதட்டுங்கள். எண்ணிக்கொண்டு வாசிக்கிறவன் முகத்திலேயே அது தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

ஆனால் வாயில் ஏறினால் மட்டும் போதாது, கூட்டத்தின் காலிலும் ஏற வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் ஒரு கல்லூரி விழாவில் வாசித்தோம். முன்வரிசையில் நாற்பது ஐம்பது பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவில் ஏழு வரும் பகுதி. டிரம்மர் ஸ்னேரை (சுளீரென்று ஒலிக்கும் சின்ன டிரம்) ஏழுக்குத் தகுந்தபடி உடைத்து உடைத்து வைத்தார், அழகாகத்தான் இருந்தது. நான்காவது சுற்றில் முன்வரிசை நின்றுவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த ரிகர்சலில் டிரம்மர் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார். கிட்டாரும் பேஸும் ஏழிலேயே இருக்க, அவர் ஸ்னேரை ஒன்றுவிட்டு ஒன்றாக, நிறுத்தாமல் அடித்தார். முதல் ஏழில் ஸ்னேர் இரண்டு, நான்கு, ஆறில் விழும். அடுத்த ஏழில் தானாகவே ஒன்று, மூன்று, ஐந்து, ஏழில் விழும். பதினான்கு முடிந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில் சந்திப்போம். குதிப்பவனுக்கு ஸ்னேர் மட்டும்தான் தேவை, அது நிற்கவே இல்லை. அவனுக்கு மேலே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) மட்டும் வழுக்கிக்கொண்டே போகும். அடுத்த நிகழ்ச்சியில் அந்தப் பகுதி முழுக்கக் குதித்தார்கள். இறங்கி வந்ததும் ஒரு பையன் "அண்ணா, அந்த நடுப் பார்ட்ல தரை நழுவுற மாதிரி இருந்துச்சு" என்றான். எனக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல பாராட்டு கிடைத்ததில்லை.

எல்லா இடத்திலும் ஏழு வைக்கவும் தேவையில்லை. எட்டு எட்டாகப் போகிற பாட்டில், மூன்றாவது வரியின் கடைசியில் மட்டும் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் ஒரு பீட் என்பது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடம் காணாமல் போவதிலேயே நான்காவது வரி முதுகில் கைவைத்துத் தள்ளியது போல வந்து விழும். பாடகர் அந்த இடத்தில் மூச்சு எடுக்க முடியாமல் திணறுவார், அந்தத் திணறல் பாட்டுக்கு நல்லது. வரியில் சொல் குறைவாக இருப்பதால் பீட் குறைகிறது என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். பீட்டைக் குறைத்துவிட்டு அதற்குள் சொல்லை அமுக்கினால் உடனே செயற்கையாகத் தெரியும்.

கிட்டார் சத்தம் இன்னொரு தகராறு. ப்ராக் ஆட்கள் ஆறு தந்தியிலும் விரல் வைத்து அழகழகான கார்டு கொண்டுவருவார்கள். அதை டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைப்பது) போட்டு இந்த வேகத்தில் அடித்தால் ஒரே கூழ். டிஸ்டார்ஷனில் சுரங்கள் ஒன்றோடொன்று உரசிப் புதிய சுரங்களைக் கிளப்பும். மூன்று நான்கு சுரம் நெருக்கமாக இருந்தால் எதுவும் காதில் நிற்காது. கிட்டார் இரண்டே சுரம் பிடிக்கட்டும், கீழே இருக்கும் சுரத்தைப் பேஸ் மாற்றட்டும். கிட்டார் அசையாமல் இருக்க, அடியில் பேஸ் நகர்ந்தால் அதே இரண்டு சுரம் வேறு வேறு கார்டாகக் கேட்கும். அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினையும் பாதியாகக் குறையுங்கள். ரமோன்ஸின் கிட்டார்காரர் ஜானி ரமோன் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே மட்டுமே அடித்தார், அந்த அடியின் விசையில்தான் அத்தனை முரட்டுத்தனமும். உங்கள் கிட்டார்காரர் தன் சிக்கலான ரிஃபை அப்படி டவுன்ஸ்ட்ரோக்கில் மட்டும் வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்கவே முடியாத சுரங்கள் தானாக உதிர்ந்துவிடும். உதிர்ந்தவற்றில் பெரும்பாலானவை வேண்டாதவைதான்.

வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் ஒன்பது நிமிடப் பாட்டு ஒன்று இருந்தது. போனில் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் கேட்டபோது என் கவனம் ஜன்னலுக்கு வெளியே போன இடங்களைக் குறித்துக்கொண்டேன். எல்லாமே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்காக நாங்கள் கட்டியிருந்த பாலங்கள். அத்தனையையும் எடுத்துவிட்டு, பகுதிகளை நேராக மோதவிட்டோம். நான்கரை நிமிடமானது. ஒரு தீம்கூடப் போகவில்லை. முதல் நிமிடத்தில் கிட்டார் வாசித்ததைக் கடைசியில் நால்வரும் சேர்ந்து கத்துவது அதிலும் இருந்தது, முன்பைவிட நன்றாகக் கேட்டது, ஏனென்றால் கேட்பவர் அதை மறப்பதற்கு நேரமே இல்லை.

குரலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, நான் பாடுகிறவன் அல்ல. தொண்டை கெடாமல் கத்துவது எப்படி என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கேளுங்கள். தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா என்பதையும் நான் தீர்மானிக்க முடியாது. சொல்கட்டில் சிந்திக்கிற பழக்கம் இருந்தால் தமிழ் வரி ஒற்றைப்படையில் இலகுவாக உட்காரும் என்பது மட்டும் என் அனுபவம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். சண்டை வந்த பாட்டு எதுவோ அதை எடுத்து, பேஸும் டிரம்ஸும் மட்டும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசியுங்கள், நோமீன்ஸ்நோ சகோதரர்கள் ஆரம்ப கால மேடைகளில் வாசித்த மாதிரி. கிட்டார்காரர் சுவரோரம் உட்கார்ந்து கேட்கட்டும். அந்த இரண்டு வாத்தியத்திலேயே பாட்டு எங்கே திரும்புகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று தெரிந்தால், அவர் எழுந்து வந்து என்ன வாசிக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். தெரியாவிட்டால் அந்தப் பதிவை இங்கே போடுங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.